கொப்புளம் விழாத செடி: மலையகத்திலிருந்து தாவர நிர்ப்பீடனத்தைப் பார்த்தால்

மலையகத்தின் கதையைத் தொடங்குபவர்கள் துரைமார், கங்காணிமார், கண்டிச் சீமைக்கு நடந்து வந்த பாதை என்று தொடங்குவார்கள். அந்த வரிசையில் ஒரு பங்கசுக்கும் இடம் கொடுக்க வேண்டும். 1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த த்வெயிட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு அறிஞர் பெர்க்லி அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். அப்புறம் இருபது வருடத்துக்குள் கோப்பிப் பெருந்தோட்டம் ஏறக்குறைய இல்லாமல் போனது. அந்த மலைகளில் தேயிலை ஏறியது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்கவேண்டிய தேயிலைக்காகக் குடும்பத்தோடு லயங்களில் தங்கினார்கள். நாம் இந்த மலைகளில் வேர்பிடித்ததற்குப் பல காரணங்கள் உண்டு. கோப்பிச் செடியின் நோயெதிர்ப்பு அந்தப் பங்கசின் முன்னால் தோற்றுப்போனதும் அவற்றில் ஒன்று.

அந்த அழிவை ஆராய 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்பவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கேம்பிரிட்ஜில் பட்டம் முடித்து அதிக நாள் ஆகாத, இருபத்தைந்து வயதை ஒட்டிய இளைஞர். கண்ணாடித் தகடுகளில் ஒட்டும் திரவத்தைப் பூசித் தோட்டத்துக் காற்றில் வைத்தார். வந்து ஒட்டிய வித்திகளை, அதாவது பங்கசு பரவ உதவும் விதை போன்ற நுண்துகள்களை, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நோய் காற்றில் பரவுகிறது, நீர்த்துளியில் வித்தி முளைக்கிறது, முளைத்த குழாய் இலையின் அடியிலுள்ள இலைவாய் வழியாக உள்ளே போகிறது என்று படிப்படியாகக் காட்டினார். கோப்பியைக் காப்பாற்ற அது போதவில்லை. 1882இல் திரும்பிப் போனார்.

அவருடைய வேலை அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இருபது வருடம் கழித்து, 1902இல், புரோம் என்ற புல்வகையில் வரும் துரு நோயைப் பற்றி எழுதியபோது வேறொன்றைப் பதிவு செய்தார். நோயைத் தாங்கும் புல்லில் பங்கசு நுழைந்த இடத்துக் கலங்கள் மிக விரைவாக இறந்துவிடுகின்றன, பங்கசும் அங்கேயே முடங்கிவிடுகிறது. 1915இல் அமெரிக்கரான ஸ்டேக்மன் இதற்கு அதியுணர்திறன் என்ற பெயரைக் கொடுத்தார். இலங்கையில் செடிகள் சாவதைப் பார்த்த மனிதர், சில கலங்கள் செத்தால் செடி பிழைத்துவிடும் என்பதைப் பின்னாளில் கண்டார். இன்று உலகம் முழுவதும் இளமாணி மாணவர்கள் தாவர நிர்ப்பீடனப் பாடத்தில், அதாவது செடியின் நோயெதிர்ப்பைப் பற்றிய பாடத்தில், செய்யும் பரிசோதனைகளில் பல, அந்தக் கலங்கள் எப்படிச் சாகின்றன என்ற கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன.

சரி, செடிக்கு நோயெதிர்ப்பு என்றால் என்ன? நம் இரத்தத்தில் நோய்க்கிருமியைத் தேடி அலையும் வெண்குருதிக் கலங்கள் இருக்கின்றன. செடிக்கு இரத்தமும் இல்லை, அலையும் கலங்களும் இல்லை. ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் கடினமான சுவர். ஆகவே வேரானாலும் இலையானாலும் எதிரியைக் கண்டுபிடிக்கும் வேலையை அந்தந்தக் கலமே செய்தாக வேண்டும்.

முதல் கட்டம் கலமென்சவ்வில் நடக்கிறது. நீந்தும் பற்றீரியாக்களுக்குச் சவுக்குமுளை என்ற வால் உண்டு. அது பிளெஜலின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, பல பற்றீரியா இனங்களில் அதிகம் மாறாமல் இருக்கிறது. வாலை இழக்காமல் அதை மாற்றுவது பற்றீரியாவுக்குக் கடினம். செடி அந்தத் துண்டையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டது. அதை உணரும் வாங்கிப் புரதம் எஃப்.எல்.எஸ்.2 என்று 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஆய்வுகூடத்தில் இதற்குப் பற்றீரியாவே தேவையில்லை. செயற்கையாகச் செய்த அந்த 22 அமினோ அமிலத் துண்டை ஒரு லீற்றர் நீருக்குக் கால் மில்லிகிராமுக்கும் குறைவாகக் கலந்து இலைத்துண்டின் மேல் விட்டால் போதும். ஓரிரு நிமிடத்தில் கலத்துக்குள் கல்சியம் பாய்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஐதரசன் பேரொட்சைட்டு உச்சத்துக்குப் போகிறது. இலைவாய்கள் மூடுகின்றன. அடுத்த நாளைக்குள் கலச்சுவரில் கலோசு என்ற பொருள் திட்டுத்திட்டாகப் படிகிறது. பங்கசு வந்தாலும் இதே மாதிரிதான். அங்கே அடையாளம் பங்கசின் சுவரிலுள்ள கைற்றின்.

இதோடு கதை முடிந்திருந்தால் எந்தச் செடிக்கும் நோயே வரக்கூடாது. நோய்க்கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. தக்காளியைத் தாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பற்றீரியா, ஊசி போன்ற ஓர் அமைப்பின் மூலம் முப்பது வகையளவு புரதங்களைச் செடியின் கலத்துக்குள் நேரடியாகச் செலுத்துகிறது. உள்ளே போனதும் அவை எச்சரிக்கைத் தொடரை ஒவ்வோர் இடத்தில் அறுக்கின்றன.

இதற்குச் செடி கண்ட பதில் இரண்டாவது கட்டம். இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. 1940களில் வட டக்கோட்டாவில் ஆளி விதைச் செடியின் துரு நோயை ஆராய்ந்த ஃப்ளோர், செடியிலுள்ள ஒவ்வோர் எதிர்ப்புப் பரம்பரையலகுக்கும் (மரபணுவுக்கும்) ஈடாகப் பங்கசிலும் ஒரு பரம்பரையலகு இருப்பதைக் கலப்புச் சோதனைகளால் காட்டினார். டி.என்.ஏயின் வடிவம் தெரியாத காலம் அது. அப்படியானால் செடியின் எதிர்ப்புப் புரதம் எதிரியின் புரதத்தை நேரில் பிடிக்கிறது என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் அரபிடொப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறு செடியில் ஆர்.ஐ.என்.4 என்ற புரதத்தை ஆராய்ந்தபோது வேறு ஏற்பாடு தெரிந்தது. பற்றீரியாவின் ஒரு புரதம் ஆர்.ஐ.என்.4இன் மீது பொசுபேற்று என்ற சிறு வேதிக்கூட்டம் ஏறச் செய்கிறது. இன்னொன்று அதை வெட்டியே விடுகிறது. செடியின் இரண்டு எதிர்ப்புப் புரதங்கள் இந்த ஆர்.ஐ.என்.4ஐக் கண்காணிக்கின்றன. ஒன்று பொசுபேற்று ஏறுவதைக் கவனிக்கிறது, மற்றது வெட்டுப்படுவதைக் கவனிக்கிறது. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு திருடனின் முகத்தையும் மனப்பாடம் செய்வதற்குப் பதிலாகப் பூட்டை மட்டும் பார்த்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. எதிரிகள் எண்ணற்றவர்கள், செடியின் பரம்பரையலகுகளோ எண்ணிக்கைக்குள் அடங்கியவை. இவ்வளவு குறைந்த முதலில் செடி எப்படிச் சமாளிக்கிறது என்பதற்கு இதில் பெரிய விளக்கம் இருக்கிறது.

கண்காணித்த புரதம் விழித்துக்கொண்டால் என்ன செய்கிறது என்பது நீண்ட காலம் இருட்டாகவே இருந்தது. 2019இல் சீன ஆய்வாளர்கள் சார்1 என்ற எதிர்ப்புப் புரதத்தின் வடிவத்தைப் படமெடுத்தார்கள். ஐந்து பிரதிகள் ஒன்றுசேர்ந்து சக்கரமாகின்றன. நடுவிலிருந்து புனல் போன்ற பகுதி வெளியே நீட்டுகிறது. அந்தப் புனல் கலமென்சவ்வில் செருகி, கல்சியம் உள்ளே பாயும் வழியாகிறது என்று 2021இல் காட்டப்பட்டது. வார்ட் 1902இல் பார்த்த கலச்சாவின் தொடக்கத்துக்கு இப்போது ஒரு வடிவம் உண்டு.

இவ்வளவு பெரிய விடயத்தில் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கும் ஒரு பிள்ளை என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். உண்மையான வேலையின் ஒரு துண்டைச் செய்ய முடியும். இந்தத் துறையின் அடிப்படைப் பரிசோதனைகள் பல, மலிவானவையும் கண்ணால் பார்க்கக் கூடியவையும்.

ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தக்காளி இலையிலிருந்து தக்கைத் துளைப்பானால் வட்டத் துண்டுகள் வெட்டி, டி.ஏ.பி. என்ற சாயக் கரைசலில் இடுவார்கள். ஒளி பட்டால் கெட்டுவிடும் என்பதால் குழாயை அலுமினியத் தாளில் சுற்றி வைப்பார்கள். புற்றுநோயை உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் சாயம் என்பதால் கையுறையைக் கழற்றக் கூடாது. சில மணி நேரம் கழித்து இலையை எதனோலில் இட்டுச் சூடாக்கினால் பச்சை முழுக்கக் கழன்று இலை வெள்ளைத் தாள் போலாகும். ஐதரசன் பேரொட்சைட்டு உண்டான இடத்தில் மட்டும் கபில நிறம் தங்கும். பிளெஜலின் துண்டு கொடுத்த இலையிலும் வெறும் நீர் கொடுத்த இலையிலும் உள்ள வேறுபாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெறும் நீர் இட்ட இலையிலும் ஓரங்களில் கபிலம் இருக்கும், ஏனென்றால் வெட்டுப்பட்ட காயத்துக்கும் செடி எதிர்வினை காட்டுகிறது. கட்டுப்பாட்டுச் சோதனை எதற்கு என்று புத்தகத்தில் ஒரு பந்தி வாசிப்பதைவிட இந்த ஓரக் கபிலத்தைப் பார்ப்பது நன்றாகப் பதியும்.

இன்னொன்று எண்ணும் வேலை. ஊசி இல்லாத சிரிஞ்சை இலையின் அடிப்பக்கத்தில் வைத்து மெல்ல அழுத்தினால் பற்றீரியாக் கரைசல் இலைவாய் வழியாக உள்ளே ஊறும். இலையில் ஈரத் திட்டு ஒன்று கருமையாகப் படரும். மூன்று நாள் கழித்து அந்த இடத்தைத் துளைத்து எடுத்து, அரைத்து, பத்துப் பத்து மடங்காக ஐதாக்கி, தட்டுகளில் பூசி, முளைக்கும் பற்றீரியாக் குடியிருப்புகளை, கண்ணுக்குப் புள்ளிகளாகத் தெரிபவற்றை, எண்ண வேண்டும். முதல் நாள் எண்ணிக்கையும் வேண்டும். இல்லாவிட்டால் வளர்ந்தது எவ்வளவு, இட்டது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நோயைத் தாங்கும் செடியிலும் பற்றீரியா வளரத்தான் செய்கிறது, ஆனால் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு. எதிர்ப்பு என்பது அளக்கக் கூடிய ஒரு அளவு என்ற எண்ணம் இந்தத் தட்டுகளை எண்ணும்போது கைக்கு வருகிறது.

இத்தகைய வேலைகள் பெரும்பாலும் அரபிடொப்சிஸில் நடப்பதற்குக் காரணம் உண்டு. ஆறு வாரத்தை ஒட்டி விதைக்கு வந்துவிடும். அதன் மரபணுத்தொகுதி மிகச் சிறியது, 2000ஆம் ஆண்டிலேயே ஏறக்குறைய முழுவதும் வாசிக்கப்பட்டுவிட்டது. பரம்பரையலகு பழுதான வகைகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. இயற்கையிலேயே எஃப்.எல்.எஸ்.2 வேலை செய்யாத ஒரு வகைகூட இருக்கிறது. அதில் பிளெஜலின் துண்டு எந்த மாற்றத்தையும் உண்டாக்காது. கற்க இதைவிட நல்ல செடி இல்லை.

ஆனால் நமக்கு முன்னால் நிற்பது தேயிலை. தேயிலையின் மரபணுத்தொகுதி அரபிடொப்சிஸைவிட இருபது மடங்குக்கு மேல் பெரியது. ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள், அதில் ஐந்தில் நான்கு பங்கு திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். அதை 2017இல்தான் முதலில் வாசித்து வெளியிட்டார்கள். டி.என்.ஏ பிரிப்பதே ஒரு சோதனை. கொழுந்தை அரைத்த உடனேயே அதிலுள்ள பொலிபீனோல்கள் நொதியத்தோடு சேர்ந்து ஒட்சியேற்றம் அடைந்து, கரைசல் கபிலமாகி, டி.என்.ஏயோடு ஒட்டிக்கொள்ளும். தொழிற்சாலையில் ரோலரில் நசுங்கிய கொழுந்து நிறம் மாறுவதும் இதே தாக்கத்தால்தான். தேநீருக்கு நிறம் கொடுப்பது டி.என்.ஏயைக் கெடுக்கிறது. ஆகவே திரவ நைதரசனில் உறைய வைத்து அரைப்பார்கள், பொலிபீனோல்களைப் பிடித்து வைக்கும் பி.வி.பி. என்ற பொருளைச் சேர்ப்பார்கள். மாணவர்கள் இதை ஒழுங்காகச் செய்யப் பழகவே வாரங்கள் போகும். அந்த வாரங்கள் வீணல்ல. பொலிபீனோல் செடியின் காப்பு வேலையிலும் பங்கெடுக்கிற பொருள் என்பதை அவர்கள் அப்போது கையாலேயே அறிகிறார்கள்.

தேயிலையின் பெரிய எதிரி கொப்புள நோய். எக்ஸோபசிடியம் வெக்ஸன்ஸ் என்ற பங்கசு. 1868இல் அசாமில் முதலில் பதிவானது, 1946இல் இலங்கைக்கு வந்தது. மப்பும் மழையும் விடாத மாதங்களில் இளம் இலையின் மேல் ஒளி ஊடுருவும் சிறு வட்டம் தோன்றும். பிறகு மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைத்து, அங்கிருந்து வித்திகள் பறக்கும். முற்றிய இலையை அது தொடுவதில்லை, தளிரை மட்டுமே தாக்குகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் நாம் பறிப்பது. நோய் பிடிப்பதும் அதே இரண்டு இலையைத்தான். கவாத்து வெட்டிய மலையில் செடி முழுக்கத் தளிராக வரும்போது இது இன்னும் மோசம். செப்பு மருந்து அடித்துத்தான் இத்தனை வருடம் சமாளித்து வந்திருக்கிறார்கள். 2021இல் இரசாயன உரத்தோடு பீடைநாசினி, பங்கசுநாசினி இறக்குமதியையும் அரசு தடை செய்து அந்த ஆண்டின் இறுதிக்குள் கைவிட்டபோது, மருந்தை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைத் தேயிலைக்காரர்களும் நுவரெலியா உருளைக்கிழங்கு விவசாயிகளும் நேரடியாக அனுபவித்தார்கள். செடிக்குள்ளேயே எதிர்ப்பு இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்பது அந்த மாதங்களில் விளங்கியது.

பழைய விதைத் தேயிலை மலையில் நின்று பார்த்தால் ஒரு செடி கொப்புளமாக இருக்கும், பக்கத்துச் செடி அவ்வளவாக இருக்காது. விதையிலிருந்து வந்தவை என்பதால் ஒவ்வொன்றும் வேறு வேறு. வி.பி. தேயிலை அப்படியில்லை. தவரணையில் (நாற்றுமேடையில்) ஒரே தாய்ச் செடியின் துண்டுகளிலிருந்து வளர்த்தவை என்பதால் மலை முழுக்க ஒரே பரம்பரையலகுத் தொகுதி. 1925இல் தொடங்கப்பட்டு இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வகைகள் விளைச்சலை உயர்த்தியது உண்மை. ஆனால் ஒரே மாதிரியான செடிகளால் மலையை நிரப்பினால், ஒரு செடியின் பூட்டைத் திறக்கப் பழகிய பங்கசு மலை முழுவதையும் திறந்துவிடும். கோப்பிக் காலத்தின் பாடமும் இதுதான். விதைத் தேயிலையைப் பிடுங்கும் தோட்டங்கள், அதில் கொப்புளம் குறைவாக விழும் செடிகளை முதலில் அடையாளம் கண்டு வைக்க வேண்டும் என்பேன். அவை போனால் அவற்றின் எதிர்ப்புப் பரம்பரையலகுகளும் சேர்ந்து போய்விடும்.

கொப்புளப் பங்கசை ஆராய்வதில் ஒரு சிக்கல் உண்டு. அது உயிருள்ள தேயிலை இலையில் வாழ்கிற பங்கசு. மற்றப் பல பங்கசுகளைப் போல ஏகார் என்ற கூழ் இட்ட தட்டில் சுலபமாக வளர்த்தெடுக்க முடியாது. பரிசோதனைக்கு வித்தி வேண்டுமென்றால் மழைக்காலத்தில் மலைக்குப் போய் நோய்பட்ட இலையைக் கொண்டுவர வேண்டும். இருந்தாலும் வழிகள் இல்லாமல் இல்லை. 2015இல் இந்தியாவில், உருளைக்கிழங்கின் கைற்றினேசு பரம்பரையலகைத் தேயிலையில் சேர்த்தபோது கொப்புள நோய் குறைந்ததாகக் காட்டினார்கள். கைற்றினேசு பங்கசின் சுவரை உடைக்கும் நொதியம். உடைந்த கைற்றின் துண்டுகள் செடியின் வாங்கிகளை எழுப்பவும் கூடும்.

மரக்கறித் தோட்டங்களுக்கும் இதில் பங்கு உண்டு. தக்காளியில் வரும் பற்றீரியா வாடல் நோய்க்குக் காரணமான ரால்ஸ்டோனியா மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுவது, மருந்தடித்து நிறுத்த முடியாதது. அதன் பிளெஜலின் அரபிடொப்சிஸின் எஃப்.எல்.எஸ்.2இன் கண்ணுக்குத் தப்பிவிடும் வகையில் மாறியிருக்கிறது. ஆனால் கடுகுக் குடும்பத்தில் மட்டும் இருக்கும் ஈ.எஃப்.ஆர். என்ற இன்னொரு வாங்கி, பற்றீரியாவின் வேறொரு புரதத்தை அடையாளம் காண்கிறது. அந்த வாங்கியின் பரம்பரையலகை 2010இல் தக்காளிக்கு மாற்றியபோது செடி ரால்ஸ்டோனியாவைக் கணிசமாகத் தாங்கியது. மரபணு மாற்றப் பயிர் வேண்டுமா என்பது தனி விவாதம். ஒரு குடும்பத்துச் செடியின் உணர்வை இன்னொரு குடும்பத்துச் செடி பயன்படுத்தும் என்பது அந்த விவாதத்துக்கு வெளியிலும் பெரிய செய்தி.

வெப்பநிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகையிலையில் மொசைக் வைரசைத் தடுக்கும் 'என்' (N) என்ற பரம்பரையலகு 28 பாகை செல்சியசுக்கு மேல் வேலை செய்வதில்லை என்பது பழைய செய்தி. அரபிடொப்சிஸில் 28, 30 பாகையில், செடியின் எதிர்ப்பைத் தூண்டும் சாலிசிலிக் அமிலம் உண்டாவது குறைந்து, பற்றீரியா கட்டுமீறி வளர்கிறது என்பது பிற்கால ஆய்வு. நுவரெலியாவின் குளிரில் இது கவலையில்லை. கண்டியிலும் பதுளையிலும் பகல் வெப்பம் அந்தக் கோட்டைத் தாண்டும் நாட்கள் பல. ஆய்வுகூடத்தில் குளிரூட்டி பழுதானால் ஒரு மாணவியின் பரிசோதனை கெடும். மலை முழுவதும் சூடானால் எந்த எதிர்ப்புப் பரம்பரையலகுகள் தாக்குப்பிடிக்கும், எவை கைவிடும் என்பதை இப்போதே சோதித்து வைக்க வேண்டியது நம் வேலை.

இந்த வேலையைச் செய்யப் போகிறவர்கள் யார்? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் துறை இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் தோட்டத்துப் பிள்ளை அந்த வாசலுக்கு வருவதற்குள் பலர் வடிந்துவிடுகிறார்கள். தமிழ்மொழியில் உயர்தர உயிரியல் பிரிவு நடத்தும் பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. இருக்கும் பாடசாலைகளிலும் இரசாயனவியல், பௌதிகவியல் ஆசிரியர் கிடைப்பது கடினம். தேறி உள்ளே வந்தால் விரிவுரை ஆங்கிலத்தில். இதையெல்லாம் தாண்டி வருகிற பிள்ளைக்கு ஒரு முன்னறிவு கையில் இருக்கிறது. எந்த மலையில் கொப்புளம் முதலில் விழும், எந்தப் பக்கத்து மப்பு அதிக நாள் நிற்கும், எந்தச் செடி எப்போதும் சுத்தமாக இருக்கும் என்று அம்மாவிடம் கேட்டால் தெரியும். எந்த மாதிரியை எங்கிருந்து எடுப்பது என்று தீர்மானிக்கும்போது மேற்பார்வையாளர்கள் அந்த அறிவைக் கேட்டு வாங்க வேண்டும், அறிக்கையிலும் அதற்கு உரிய இடத்தைக் கொடுக்க வேண்டும்.

ஓர் இறுதியாண்டு ஆய்வுக்கு நான் முன்வைக்கும் கேள்வி இது: கொப்புளப் பங்கசு முற்றிய இலையை ஏன் தொடுவதில்லை? முதல் இலை, மூன்றாம் இலை, முற்றிய இலை மூன்றிலும் ஒரே அளவு கைற்றின் கரைசலை விட்டு ஐதரசன் பேரொட்சைட்டை ஒப்பிடலாம். நோயைத் தாங்கும் வகையையும் தாங்காத வகையையும் பக்கத்தில் வைக்கலாம். டி.ஏ.பி. சாயமும் கபிலம், ஒட்சியேற்றமடைந்த தேயிலைப் பொலிபீனோலும் கபிலம் என்பதால், சாயமே இல்லாத இலைத்துண்டு ஒவ்வொரு வயதுக்கும் ஒன்று கட்டாயம் வேண்டும். முற்றிய இலை வேகமாகவும் அதிகமாகவும் எதிர்வினை காட்டினால், அடுத்த மாணவர் கைற்றின் வாங்கியின் பரம்பரையலகு இலையின் வயதோடு எப்படி வெளிப்படுகிறது என்று பி.சி.ஆர். முறையில் அளக்கலாம். மூன்று இலையும் ஒரே மாதிரி எதிர்வினை காட்டினால், தேட வேண்டிய இடம் கலமென்சவ்வு அல்ல. இலையின் மேல்தோல் தடிப்பையும் கலச்சுவரையும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல நுணுக்குக்காட்டியும் சவர அலகும் போதும்.